நான் நிற்கவில்லை

பலகையில் முப்பத்தொன்று, என் சீட்டில் நாற்பத்தேழு, இன்னும் பதினாறு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்தான், கூப்பிடாவிட்டாலும் நல்லதுதான் என்று ஒரு மனசு சொல்கிறது, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தேன், இன்னொரு மனசு அதைக் கேட்டுவிட்டுக் காறித் துப்புகிறது, எத்தனை நாளைக்குடி வனமயில் நாளைக்கு நாளைக்கு என்று. ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி மருந்து வாடை அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன், இங்கே பழைய காகித வாடையும் யாரோ கட்டிக்கொண்டு வந்திருக்கிற எலுமிச்சை சாத வாடையும்தான். மடியில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஆதார் நகல், பேங்க் புத்தகத்தின் முதல் பக்க நகல், போட்டோ இரண்டு, விண்ணப்பம். வேலை இழந்தவர்களுக்கு மூன்று மாதம் உதவித்தொகை தருகிறார்கள் என்று எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டர் லோகநாயகிதான் சொன்னாள், அவளே கம்ப்யூட்டரில் என் ஈ.எஸ்.ஐ. எண்ணைத் தட்டிப் பார்த்தாள், தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கம்பெனிக்காரங்க ராஜினாமான்னு ஏத்தி வெச்சிருக்காங்களே. தானா வேலையை விட்டவங்களுக்கு இது கிடையாதுக்கா. அவங்களா அனுப்பினாத்தான்." நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேர், என் பிறந்த தேதி, எல்லாம் சரி, அந்த ஒரு வார்த்தை மட்டும் யாருடையதோ. "நேர்ல போய் எழுதிக் கொடுத்துப் பாருங்க" என்றாள் லோகநாயகி, அவள் குரலில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தை மட்டும் நிரப்பாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு விரல் அகலம் இருக்கும் அந்தக் கட்டம். மற்ற கட்டமெல்லாம் நிறைந்து கிடக்க அது மட்டும் வெள்ளையாக, காலையிலிருந்து நான் மூன்று தடவை உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், அது அப்படியேதான் இருக்கிறது.

முப்பத்திரண்டு. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்காருகிறாள், ஏழு மாசம் எட்டு மாசம் இருக்கும், மூச்சு வாங்குகிறது, நான் கொஞ்சம் நகர்ந்து சாய்ந்துகொள்ள இடம் விட்டேன். பிரசவ லீவுக்கான காசு விஷயமாக வந்திருக்கிறாளாம், பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்காம், நான் கேட்காமலே சொன்னாள், சொல்லிவிட்டு, "நீங்க எதுக்குக்கா வந்திருக்கீங்க?" என்றாள். "ஒரு சர்டிபிகேட் விஷயமா" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது, இரண்டரை மாதமாக அதற்கு அது பழகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா கேட்டபோது உடம்பு முடியலை, நின்னுட்டேன் என்றது. கறிக்கடையில் கேட்டபோது நைட் ஷிப்ட் ஒத்துக்கலை, நின்னுட்டேன் என்றது. என் சொந்தத் தம்பி போனில் கேட்டபோதுகூட, போதும்டா பத்தொன்பது வருஷம், நின்னுட்டேன். நின்னுட்டேன், நின்னுட்டேன், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எதையோ விழுங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் அதைச் சொன்னால் எதிரே இருப்பவர்களின் முகம் மாறாது, நிறுத்திட்டாங்க என்று சொன்னால் மாறும். என்ன தப்பு செஞ்சா என்று கண்ணுக்குள்ளே ஒரு கேள்வி வரும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதுதான் தாங்காது. ஆக நான்தான் நின்றேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான், கம்பெனி ஒரே ஒரு இடத்தில்தான் அப்படி எழுதியது, நான் தெருத்தெருவாக எழுதிவைத்திருக்கிறேன், இப்போது இங்கே வந்து இல்லை சார் அது பொய் என்று சொன்னால் அந்தக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டுவிடுவார்களோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பயம். கேட்க மாட்டார்கள். யார் கேட்கப் போகிறார்கள். இருந்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது, உறையின் மேல் ஈரமாக விரல் தடம் பதிகிறது. தணிகாசலத்துக்கு மட்டும்தான் உண்மை தெரியும், கட்டிய புருஷனிடம் எப்படி மறைப்பது, அவர் லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார், கேட்டுவிட்டு ரொம்ப நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு சொன்னார், "எல்லாரும் போட்டாங்கல்ல, நீயும் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாம். அனுபவச் சான்றிதழாவது கையில இருந்திருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது இன்னும் காதில் கிடக்கிறது.

முப்பத்தாறு, நடுவில் யாரோ இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள் போல, எண் குதிக்கிறது. கையெழுத்து. அந்த ரூம். கண்ணாடிச் சுவர் ரூம், உள்ளே ஏசி, வெளியிலிருந்து பார்த்தால் வாய் அசைவது மட்டும் தெரியும், பத்தொன்பது வருஷத்தில் நான் அந்த ரூமுக்குள் போனதே இல்லை. எங்கள் லைனில் கார்களுக்குள் ஓடுகிற ஒயர்க்கட்டு செய்வோம், நான் கடைசி மேஜை, இன்ஸ்பெக்ஷன், என் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும், முனையில் மாட்டுகிற கனெக்டர் சரியாக உட்கார்ந்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், சத்தம் வராவிட்டால் மெஷின் பாஸ் என்று காட்டினாலும் நான் விட மாட்டேன், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன், சூப்பர்வைசர்கள் என்னை வைவார்கள், வைதுவிட்டு அப்புறம் வந்து நீ சொன்னதுதான் சரி என்பார்கள். எங்கள் வேலையைப் புது மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு திங்கட்கிழமை சொன்னார்கள், புதன்கிழமை முப்பத்திரண்டு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே எச்.ஆர். சஞ்சய் சார், என் தம்பி வயசுதான், மேஜைமேல் டீ, ஒரு தட்டில் முந்திரி பிஸ்கட், அந்த பிஸ்கட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "உக்காருங்கக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான். இதுல ஒரு சைன் பண்ணிட்டீங்கன்னா மீதி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." தாளை எடுத்தேன். சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலக விரும்புகிறேன் என்று இருந்தது, மேலே தேதி பார்த்தால் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, நான் அன்றைக்கு ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், சொந்தக் காரணம்னு இருக்கே, அது என்ன காரணம்னு எனக்குத் தெரியலையே" என்றேன். கிண்டலாகக் கேட்கவில்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "அக்கா, டெர்மினேஷன்னு நாங்க போட்டா உங்களை வேற எந்த கம்பெனியும் உள்ள விட மாட்டான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பேனாவை மூடி கழற்றி என் கையில் வைத்தார். ஏசியில் கை விறைத்துப்போயிருந்தது.

இந்த இடத்தில்தான் என் நினைப்பு எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் லைனில் எல்லோரும் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், வனமயில் பேனாவைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டு போட முடியாது போடா என்று சொல்லிவிட்டு வந்தாள் என்று. யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, நானும் மறுக்கவில்லை. நடந்தது அது இல்லை. எனக்குத் தொடை நடுங்கியது. பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது, ஒரு புள்ளிகூட விழுந்தது, வ என்று ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் வாய் சொன்னது, "சார், கண்ணாடி எடுத்துட்டு வரலை, எழுத்து தெரியலை, லாக்கர்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்." எனக்குக் கண்ணாடியே கிடையாது. நூல் மாதிரி ஒயரில் ஒரு கீறல் இருந்தால் ஒரு அடி தூரத்திலிருந்து சொல்கிற கண், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எழுத்து தெரியலை என்றேன். அவரும் நம்பினார், நாற்பத்தி மூன்று வயசுப் பொம்பளை, வெள்ளெழுத்து இருக்கும் என்று. "சீக்கிரம் வாங்கக்கா" என்றார். வெளியே வந்தேன், லாக்கர் பக்கம் திரும்பவில்லை, நேராக நடந்தேன், லைனைத் தாண்டி, கேன்டீனைத் தாண்டி, கேட்டில் செக்யூரிட்டி அம்மா "என்னக்கா சீக்கிரம்?" என்றதற்குத் தலைவலி என்றேன், ரோட்டுக்கு வந்து முதலில் வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அது எங்கள் ஊருக்குப் போகிற பஸ் இல்லை. மறுநாள் போனால் என் கார்டை வைத்ததும் கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். அது தைரியமா. பயந்து ஓடியதற்குப் பேர் தைரியமா. இரண்டரை மாதமாக இதே இடத்தில் சுற்றுகிறேன், போட்டவர்கள் பயந்து போட்டார்கள், நான் பயந்து ஓடினேன், என்ன வித்தியாசம். எஸ்தர் கேட்டாளே. பதினோரு வருஷம் பக்கத்து மேஜை, என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. அவள் எனக்கு முன்னால் உள்ளே போனவள், போட்டுவிட்டு வந்து கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. அடுத்த வாரம் போன் பண்ணி, "உனக்கென்னடி, வண்டி ஓட்டுற புருஷன் இருக்கான், போடாம வந்துட்ட. எனக்கு யாரு இருக்கா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். கண்ணாடிக் கதையை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். நானும் உன்னை மாதிரித்தான் நடுங்கினேன்டி என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை, வீராங்கனை என்ற பேர் போய்விடுமே என்று, சீ, எதற்கெல்லாம் ஆசைப்படுகிறது மனசு. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

நாற்பத்தேழு. யாரோ அடுத்தவர் எண் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் முழங்கையால் இடித்தாள், "அக்கா, உங்களுதுதான?" எழுந்து கவுன்டருக்குப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் என் வயதில் ஒரு அம்மா, பெயர்ப்பலகையில் ஹேமாவதி என்று இருந்தது, நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டுகிறார். நான் கொடுத்த தாள்களைப் புரட்டினார், திரையைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "ராஜினாமான்னு இருக்கேம்மா. நீங்களே விட்டதுக்கு இது வராதே. தெரியுமில்ல?" குரலில் கடுமை இல்லை, களைப்புதான், இந்த வார்த்தையை இன்றைக்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. தாளை என் பக்கம் தள்ளினார். இதோ, இப்போது சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம், என் வாய்க்கு அது பழக்கம், அது இப்போதே சரிங்க என்று சொல்ல எச்சில் கூட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தமாகப் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். தாளில் அந்தத் திரை வார்த்தை இல்லை, காரணக் கட்டம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எனக்கு டிக் சத்தம் கேட்கவில்லை. மெஷின் பாஸ் என்கிறது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அப்படி ஒரு ஒயர்க்கட்டை நான் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் பெட்டிக்குள் விட்டதில்லையே. "இல்ல மேடம். நான் நிக்கலை. என்னை நிறுத்திட்டாங்க." சொல்லிவிட்டேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, ஹாலில் பேச்சு நின்றது, மின்விசிறி சுற்றுவது தனியாகக் கேட்டது, என் முதுகில் நாற்பது ஜோடிக் கண் படுவது தெரிந்தது, விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். விழவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. "எல்லாரும் ராஜினாமா பண்றப்ப லெட்டர் கொடுப்பாங்கல்ல மேடம்? என் கையெழுத்து போட்ட லெட்டர் ஒண்ணை அவங்களைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா நான் பேசாம போயிடறேன்."

ஹேமாவதி மேடம் கண்ணாடியைக் கீழே இறக்கி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "லெட்டர் கொடுக்கலையா நீங்க?" "கொடுக்கலை. கொடுக்கச் சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு மேடம், கண்ணாடி எடுத்துட்டு வரேன்னு பொய் சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கே சிரிப்பு வந்தது, இவ்வளவு நாள் மறைத்துவைத்திருந்தது இதைத்தானா, இவ்வளவு சின்னதா இது. மேடம் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டு ஓரம் அசைந்தது, திரையில் கம்பெனி நம்பரைப் பார்த்து போனில் அழுத்தினார். எனக்கு அவர் பேசுவது மட்டும்தான் கேட்டது. "எச்.ஆர். இருக்காரா? ஈ.எஸ்.ஐ.யிலிருந்து பேசறேன். வனமயில்னு ஒருத்தங்க, ராஜினாமான்னு ஏத்தியிருக்கீங்க. அந்த லெட்டர் காப்பி ஒண்ணு மெயில்ல அனுப்புங்க… ஆமா, அவங்க கையெழுத்துப் போட்டது… தேடணுமா? தேடுங்க, நான் லைன்ல இருக்கேன்." ஒரு நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிஷம் என் பிரசவத்தின்போதுகூட இருந்ததில்லை, அந்தக் கண்ணாடி ரூமில் சஞ்சய் சார் ஃபைலைப் புரட்டுவது எனக்குத் தெரிகிறது, ஒரு தாள் இருக்கிறது அங்கே, ஒரு புள்ளி மட்டும் விழுந்த தாள், அதில் யாராவது என் கையெழுத்தைப் போட்டிருந்தால், போட்டிருந்தால் என்ன செய்வேன், என் வ-வின் சுழி எனக்குத் தெரியாதா, கண்டுபிடிப்பேன், இந்தக் கண் எதற்கு இருக்கிறது. "என்ன சொன்னீங்க? வாயால சொன்னாங்களா?" மேடத்தின் குரல் ஏறியது. "வாயால சொன்னதை வெச்சு எப்படி சார் ரெக்கார்டுல ஏத்துவீங்க? நான் எழுத்துல கேட்டு அனுப்பறேன், ஒரு வாரத்துக்குள்ள லெட்டரைக் காட்டுங்க, இல்லாட்டி திருத்திக் கொடுங்க… இல்ல சார், அவங்களை நீங்க போன் பண்ணிக் கூப்பிட வேண்டாம். அவங்க இங்கதான் நிக்கறாங்க." வைத்தார். காரணக் கட்டத்தை விரலால் தட்டினார். "எழுதுங்கம்மா. உங்க வார்த்தையில எழுதுங்க." எழுதினேன். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு விரல் அகலக் கட்டத்தில் அது சரியாக உட்கார்ந்துவிட்டது, கொஞ்சம் இடம்கூட மீதி இருந்தது, சும்மா விட மனசில்லை, நான் நிற்கவில்லை என்று கூடவே எழுதினேன். கீழே கையெழுத்து. வனமயில், ஐந்தே எழுத்து, ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. மேடம் படித்துவிட்டு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார், ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், "திருத்தம் வந்ததும் மெசேஜ் வரும். வரலைன்னா பத்து நாள்ல நேரா என்கிட்ட வாங்க" என்றார். நகரப் போனவள் திரும்பி, "மேடம், என்னோட இருந்த முப்பத்தோரு பேர் பயந்துகிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவங்க?" என்றேன். அவர் அடுத்த எண்ணுக்கு அழுத்தப் போன கையை நிறுத்தினார். "அது கொஞ்சம் சிக்கல்தான். நான் முடிவு பண்ற விஷயமும் இல்ல. ஆனா எப்படிப் போட வெச்சாங்கன்னு ஆளாளுக்கு எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுத்தாத்தான நான் மேல அனுப்ப முடியும்."

ஹாலைத் தாண்டி நடந்தபோது யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கர்ப்பிணிப் பெண் கையைப் பிடித்து, "சர்டிபிகேட் கிடைச்சுதாக்கா?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினாள், நல்ல பெண், நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும். படியிறங்குகிறேன், இறங்குகிற மாதிரியே இல்லை, வெளியே வெயில் சப்பென்று கன்னத்தில் அறைகிறது, அறையட்டும். தணிகாசலத்துக்குப் போன் பண்ணினேன், சொன்னேன், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "கையெழுத்துப் போடாததுதான் சரிடி. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார், என் மனுஷன், பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, ரெக்கார்டு பண்ணி வைத்திருக்க வேண்டும். கம்பெனி திருத்தித் தருமா, இழுத்தடிக்குமா, தெரியாது. பத்தாவது நாள் திரும்ப இதே படியை ஏற வேண்டியிருக்கும், ஏறுவேன், எத்தனை படி என்று இப்போது தெரியும். பயந்து ஓடினேனா, தைரியமா என்ற கேள்வி, அது இன்னும் கிடக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை, ஓடிய காலும் இதே கால்தான், இன்றைக்கு வந்து நின்ற காலும் இதேதான். ஜூஸ் கடை நிழலில் ஒதுங்கி எஸ்தர் நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தாள். "எஸ்தர், நான்தான்டி. நான் பேனாவை எல்லாம் தூக்கிப் போடலைடி. கண்ணாடி இல்லைன்னு பொய் சொல்லிட்டு ஓடிட்டேன். எனக்கும் உன்னை மாதிரியே காலு நடுங்கிச்சு." உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், அழுகிறாளோ என்று நினைத்தேன், சிரிக்கிறாள், மூக்கால் சிரிக்கிறாள், "உனக்கு ஏதுடி கண்ணாடி?" என்கிறாள். நானும் ரோட்டோரத்தில் நின்று சிரிக்கிறேன், போகிறவர்கள் பார்க்கிறார்கள். மேடம் சொன்னதைச் சொன்னேன், கிடைக்கும்னு உறுதி இல்லை, ஆனா எழுதிக் கொடுக்கலாம், நான் கூட இருப்பேன் என்றேன். "கையெழுத்துப் போட்டவ சொன்னா யாருடி நம்புவா?" "ஒருத்தி சொன்னா நம்ப மாட்டாங்க. முப்பத்தோரு பேரும் அதே பிஸ்கட், அதே பேனா, அதே பழைய தேதின்னு எழுதினா?" அவள் யோசிப்பது கேட்கிறது, பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளின் யோசனை எனக்குக் காதில் கேட்கும். "எப்ப வரணும்?" என்றாள். "நாளைக்குக் காலையில, ஒன்பதரைக்கே வந்து சீட்டு வாங்கிடணும். நீ உங்க தெருவுல இருக்கிறவங்களுக்குச் சொல்லு, மத்தவங்களுக்கு நான் போன் பண்றேன். அப்புறம் எஸ்தர், சாப்பாடு கட்டிட்டு வா, நேரமாகும்."